கை இல்லாத வீனஸ்

காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், வீட்டுக் கூடத்தில் ஒரு பளிங்குச் சிலை வாங்கி வைத்திருக்கிறார். வீனஸ். இரண்டடி உயரம். காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் கடையில் பிடித்தாராம். நூறு வருஷத்துக்கு மேல் பழசு, இத்தாலியில் செதுக்கியது என்று கடைக்காரர் சொல்ல, இவர் வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வாயைத் திறந்தது அவருடைய அம்மா.

"யார்ரா இவ?"

"வீனஸ்மா. அந்த ஊர் ரதின்னு வெச்சுக்கயேன்."

"ரதியாவே இருக்கட்டும். ஊருக்கெல்லாம் பொடவை விக்கிற வீட்ல வந்து இப்படியா நிப்பா? சரி, கை எங்க?"

"ஒரிஜினல்லயே கை கிடையாதும்மா."

"ஒடஞ்சதப் பாத்து, ஒடஞ்ச மாதிரியே செஞ்சானா? பைத்தியக்காரன்!"

சிரிக்காதீர்கள். கலை வரலாறு படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை அந்த அம்மாள் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

1820-ல் கிரேக்கத்தின் மீலோஸ் தீவில் இந்த வீனஸ் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாள். மறு வருஷமே பாரீஸ் லூவ்ர் மியூசியம். அன்று முதல் இன்றுவரை எத்தனை பிரதிகள் எடுத்தார்களோ, அத்தனையிலும் அந்த உடைசலையும் பயபக்தியோடு செதுக்கியிருக்கிறார்கள். நம் ஸ்தபதியிடம் பின்னமான விக்கிரகத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதே இலக்கணத்தில் கையும் காலுமாக முழுசாகப் புதுசு செய்து தருவார். கும்பாபிஷேகம் ஆனதும் அதுதான் ஒரிஜினல்! அத்தி வரதரைக் குளத்துக்கு அனுப்பிவிட்டு, நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எழுந்தருளச் செய்யும் ஊர் இது. 2019-ல் 48 நாள் தரிசனத்துக்கு ஊரே திணறியது ஞாபகம் இருக்கும். கருவறையில் நிற்கும் கல் மூர்த்தி அவருக்குப் பின்னால் வந்தவர் என்பதுதான் ஊரில் சொல்லும் வரலாறு. அதற்காக அவரை யாராவது டூப்ளிகேட் என்பார்களா?

பிரதி எடுப்பதில் ரோமானியர்கள் மன்னர்கள். மைரன் வார்த்த வெண்கல வட்டெறி வீரன் என்றைக்கோ காணாமல் போய்விட்டான். இன்று நாம் பார்ப்பதெல்லாம் ரோமானியர்கள் பளிங்கில் எடுத்த காப்பிதான். பிற்பாடு ஐரோப்பியப் பிரபுக்கள் இத்தாலிக்குப் போய், காப்பிக்குக் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மோகம் நம்மூருக்கும் வந்தது. கல்கத்தாவில் ராஜேந்திர மல்லிக் 1835-ல் கட்ட ஆரம்பித்த 'மார்பிள் பேலஸ்' வீடு நிறைய மேல்நாட்டுத் தேவதைகள். அவர் பிறந்தது 1819 என்கிறார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வயதில் நான் சைக்கிள் கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாரிசுகள் இன்னமும் அங்கேதான் வசிக்கிறார்கள்.

காப்பி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தாய்ச் சிலையின் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகள் வைத்து, ஒரு ஊசிக் கருவியால் ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளந்து கல்லுக்கு மாற்றுவார்கள். ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாட்டி நெய்கிற நண்பருக்கு இது உடனே புரிந்தது. "ஒரே அட்டையில அம்பது பொடவை நெய்யறோம். அம்பதாவது பொடவை டூப்ளிகேட்டா சார்?" என்றார். பவர்லூமில் ஓட்டிய சேலையைக் கோர்வைச் சேலை என்று விற்றால்தான் டூப்ளிகேட். சிலையிலும் அப்படித்தான். பளிங்குத் தூளையும் ரெசினையும் குழைத்து அச்சில் ஊற்றிவிட்டு, இத்தாலிக் கல் என்பார்கள். அச்சு சேர்ந்த இடத்தில் தையல் மாதிரி கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். தூக்கியும் பாருங்கள். ஒரு கன அடி பளிங்கு சுமார் 76 கிலோ. இடுப்பு பிடித்துக்கொண்டால் ஓரளவு நம்பலாம்.

வாங்கிய பிறகுதான் நிஜமான ஆபத்து: வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கோடு சேர்த்து வீனஸுக்கும் புளி போட்டுத் தேய்த்தால் போச்சு. பளிங்கு சுண்ணாம்பு வகை. புளி, எலுமிச்சை, தயிர் எல்லாம் அதை அரிக்கும். எண்ணெய் உள்ளே இறங்கிக் கறையாகிவிடும். நம் கருங்கல் சாமி பஞ்சாமிர்தத்தையே தாங்குவார். இவளுக்கு மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.

இன்னொரு சமாசாரம் நண்பருக்குத் தெரியாது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயசு தாண்டிய சிற்பம் தொல்பொருள். எந்த நாட்டில் செதுக்கியது என்று சட்டம் கேட்பதில்லை. தொல்லியல் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். விற்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது இத்தாலியில் பிறந்த இந்த அம்மணி, இனி நினைத்தாலும் இத்தாலிக்குத் திரும்ப முடியாது!

இந்தக் கண்டிப்பு 1926-ல் இருந்திருக்கலாம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிலைகள் இருந்தன. மூன்றரை அடிக்குக் குறையாமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் கல் தேவதைகள். பாண்டிச்சேரியில் இருந்த ஷூவோ துப்ரெய் என்ற பிரெஞ்சு அறிஞர், பாரீஸ் கலைப்பொருள் வியாபாரி சி.டி.லூவுக்கு அவர்களைக் கப்பலேற்றிவிட்டார். இன்று லண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொராண்டோ என்று ஆளுக்கொரு மியூசியத்தில் இருக்கிறார்கள் அக்கா தங்கைகள். எந்தக் கோயிலில் சேர்ந்து இருந்தார்களோ, அந்தக் கோயிலே இப்போது இல்லை. இத்தாலிக் காப்பி காஞ்சிபுரத்துக் கூடத்தில். காஞ்சிபுரத்து ஒரிஜினல் மினியாபொலிஸில்.

கப்பல் ஏறாமல் தப்பியவர்களைப் பார்க்க எழும்பூர் மியூசியம் போதும். காலையில் ரயிலேறினால் சாயங்காலம் காஞ்சிபுரம் திரும்பிவிடலாம். நண்பரின் அம்மாவையும் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு மியூசியம் லீவு.