மீண்டும் நாடாளுமன்றத்தில் பொலியேவ்: வரிக் கொள்கையில் உரத்த குரல், சமூகக் கொள்கையில் அடக்கம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள பேட்டில் ரிவர்-குரோஃபுட் தொகுதியில் 2025 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நடைபெற்ற இடைத்தேர்தலில், கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் பியர் பொலியேவ் சுமார் 80 சதவீத வாக்குகளுடன் வெற்றி பெற்றுள்ளார். களத்தில் இருந்தவர்கள் 200-க்கும் அதிகமானோர். அத்தனை பெயர்களையும் ஒரே வாக்குச்சீட்டில் அச்சிட இயலாத காரணத்தால், தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரை வாக்காளர்களே எழுதும் முறை பின்பற்றப்பட்டது. எண்ணெய் வளமும் வேளாண்மையும் சார்ந்த இத்தொகுதி கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டை. முடிவு குறித்து எவருக்கும் ஐயம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

எனினும் இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. ஏப்ரல் 28-ஆம் தேதி நடைபெற்ற பொதுத் தேர்தலில், 2004-ஆம் ஆண்டு முதல் தாம் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஒட்டாவா புறநகர்ப் பகுதியிலேயே பொலியேவ் தோற்றார். நாடு முழுவதும் அவரது கட்சி 41 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றது. 1988-க்குப் பிறகு கன்சர்வேடிவ்கள் எட்டியிராத அளவு இது. ஆயினும் மொத்தமுள்ள 343 இடங்களில் 144 மட்டுமே அக்கட்சிக்குக் கிடைத்தன. 169 இடங்களுடன் மார்க் கார்னி தலைமையிலான லிபரல் கட்சி சிறுபான்மை அரசை அமைத்தது.

ஆண்டின் தொடக்கத்தில் கருத்துக் கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்த ஒருவர், நான்கே மாதங்களில் வெற்றியை எப்படிக் கைநழுவ விட்டார்? அமெரிக்க அதிபர் டொனால்டு ட்ரம்ப் விதித்த வரிகளும், கனடாவை 51-வது மாநிலமாக்குவோம் என்ற அவரது பேச்சும் உடனடிக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அது உண்மையே. ஆனால் அது முழு விளக்கமாகாது. பொலியேவின் கொள்கைகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவற்றில் கணிசமானவை தேர்தலுக்கு முன்பே எதிராளியின் கைக்குப் போய்விட்டன என்பது புலனாகும்.

முதலாவது கார்பன் வரி. பெட்ரோல், இயற்கை எரிவாயு போன்ற எரிபொருள்களின் நுகர்வோர் மீது விதிக்கப்பட்ட இந்த வரி, 2024 ஏப்ரலில் டன்னுக்கு 80 டாலராக உயர்த்தப்பட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது சுமார் 17.6 சென்ட். வசூலான தொகையின் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குடும்பங்களுக்கே திருப்பி அளிக்கப்பட்டது. செலுத்தும் வரியைவிடத் திரும்பப் பெறும் தொகை பெரும்பாலான குடும்பங்களுக்கு அதிகம் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. ஆனால் வங்கிக் கணக்கில் ஓசையின்றி வந்து சேரும் தொகை எவர் கண்ணிலும் படுவதில்லை. பெட்ரோல் நிலையத்தில் கொடுக்கும் தொகையோ ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. பொலியேவ் இந்த உறுத்தலைச் சரியாக இனம் கண்டார். வரியை ஒழிப்பேன் என்ற முழக்கத்தை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்பினார். மார்ச் 14-ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்ற கார்னி, அதே நாளில் நுகர்வோர் கார்பன் வரியைப் பூஜ்யமாக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். முழக்கம் நிறைவேறியது. அதை எழுப்பியவரிடம் முழக்கம் இல்லாமல் போயிற்று. தொழிற்சாலைகள் மீதான கார்பன் கட்டணத்தையும் நீக்குவேன் என்று அவர் தொடர்ந்து கூறிய போதிலும், சாமானிய வாக்காளரின் பணப்பையை அது நேரடியாகத் தொடவில்லை.

வருமான வரியிலும் இதே நிலைதான். மிகக் குறைந்த வருமானப் பிரிவுக்கான 15 சதவீத வரியைப் படிப்படியாக 12.75 சதவீதமாகக் குறைப்பதாக பொலியேவ் வாக்குறுதி அளித்தார். லிபரல் கட்சி 14 சதவீதம் என்றது. ஜூலை 1 முதல் அதை நடைமுறைக்கும் கொண்டு வந்தது. 13 லட்சம் டாலர் வரையிலான புதிய வீடுகளுக்கு 5 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியை அனைவருக்கும் நீக்குவதாக அவர் சொல்ல, முதல்முறை வீடு வாங்குவோருக்கு 10 லட்சம் டாலர் வரை விலக்கு என்று கார்னி அறிவித்தார். ஒருவர் கூடுதலாகத் தருகிறார், மற்றவர் குறைவாகத் தருகிறார் என்ற அளவுக்கு விவாதம் சுருங்கிவிட்ட பிறகு, ட்ரம்ப்பை யார் திறம்பட எதிர்கொள்வார் என்பதே தேர்தலின் ஒரே கேள்வியாயிற்று. கனடா, இங்கிலாந்து ஆகிய இரு நாடுகளின் மத்திய வங்கிகளுக்கும் ஆளுநராக இருந்தவர் கார்னி. 2022 கட்சித் தலைமைப் போட்டியின்போது, கனடிய மத்திய வங்கி ஆளுநர் டிஃப் மேக்லெமைப் பதவி நீக்கம் செய்வேன் என்று முழங்கியவர் பொலியேவ். பணவீக்கத்திலிருந்து தப்பிக்க கிரிப்டோ நாணயங்களையும் அவர் அப்போது பரிந்துரைத்தார். பிட்காயினில் பணம் செலுத்தி ஷவர்மா வாங்கும் காட்சியையும் படம் பிடித்து வெளியிட்டார். அதன் பின் சில மாதங்களிலேயே பிட்காயின் மதிப்பு சரிந்தது. நெருக்கடி காலத்தில் இத்தகைய பழைய காட்சிகள் நினைவுக்கு வருவதைத் தடுக்க இயலாது.

நிதிநிலை தொடர்பான அவரது கணக்கும் கேள்விக்குரியதே. வாக்குப்பதிவுக்கு ஆறு நாள்களே இருக்கையில், ஏப்ரல் 22-ஆம் தேதிதான் முழுமையான தேர்தல் அறிக்கை வெளியிடப்பட்டது. அதற்குள் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே வாக்களித்து முடித்திருந்தனர். அவ்வாண்டுப் பற்றாக்குறையை சுமார் 3,140 கோடி டாலராகக் காட்டிய அந்த அறிக்கை, நான்கு ஆண்டுகளில் அதைப் பாதிக்கும் கீழே கொண்டு வருவதாகக் கூறியது. லிபரல் கட்சி காட்டிய பற்றாக்குறையோ 6,200 கோடி டாலருக்கும் அதிகம். இவ்வகையில் பொலியேவின் அறிக்கை சிக்கனமானதாகவே தோன்றும். ஆனால், சுற்றுச்சூழல் சட்டங்களை நீக்குவதாலும் வீடு கட்டுவதை விரைவுபடுத்துவதாலும் பிற்காலத்தில் ஏற்படக்கூடிய பொருளாதார வளர்ச்சியிலிருந்து வரும் வரி வருவாயும் அதில் வரவாகவே எழுதப்பட்டிருந்தது. விதைக்கும் முன்பே விளைச்சலை விற்றுவிடும் இந்த வழக்கம் வலதுசாரி நிதியமைச்சர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றாலும், சிக்கனத்தையே அடையாளமாகக் கொண்ட ஒருவருக்கு இது பொருத்தமாக அமையவில்லை.

தொழிலாளர் விவகாரத்தில் ஏற்பட்டுள்ள மாற்றம் அதிகம் பேசப்படாத ஒன்று. ஸ்டீபன் ஹார்ப்பர் ஆட்சிக் காலத்தில் தொழிற்சங்கச் சந்தா கட்டாயமாக இருக்கக்கூடாது என்று வாதிட்டவர் பொலியேவ். 2024-இல், வேலைநிறுத்தத்தின்போது மாற்றுத் தொழிலாளர்களைப் பணியில் அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டத்துக்கு அவரது கட்சி ஆதரவாக வாக்களித்தது. பெருநிறுவனங்களின் நண்பன் என்ற பழைய தோற்றத்தைக் களைந்து, கொதிகலன் பணியாளர், மின்பணியாளர், வெல்டர் ஆகியோரின் கட்சியாக மாறும் முயற்சி இது. ஒன்டாரியோவின் தொழில் நகரங்கள் சிலவற்றில் அம்முயற்சி பலன் அளித்தது. புதிய ஜனநாயகக் கட்சி ஏழு இடங்களாகச் சுருங்கியதில் இதற்கும் பங்குண்டு.

சமூகக் கொள்கைகளுக்கு வரும்போது, பொலியேவ் முற்றிலும் வேறு மனிதராகத் தெரிகிறார். பொருளாதாரத்தில் குரலை உயர்த்துபவர், இங்கே அளந்து பேசுகிறார். கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் தமது ஆட்சியில் நிறைவேறாது என்று அவர் திரும்பத் திரும்ப உறுதி அளித்துள்ளார். தன்பாலினத் திருமணத்தை 2005-இல் எதிர்த்து வாக்களித்த அவர், பின்னர் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். 16 வயதுத் தாய்க்குப் பிறந்து, ஆசிரியத் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர் பொலியேவ். வளர்ப்புத் தந்தை பின்னாளில் தம்மைத் தன்பாலின ஈர்ப்பாளராக அறிவித்துக்கொண்டார். இரண்டு பாலினங்களை மட்டுமே தாம் அறிந்திருப்பதாக ஜனவரியில் ஒரு பேட்டியில் கூறிய அவர், அரசு மக்களின் சொந்த விஷயங்களில் தலையிடாமல் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். குழந்தைகள் பராமரிப்பு, பல் மருத்துவம் ஆகிய லிபரல் திட்டங்களால் ஏற்கெனவே பயன்பெறுவோர் அவற்றை இழக்க மாட்டார்கள் என்ற உறுதிமொழியும் இதே வகையைச் சேர்ந்தது.

அவர் விட்டுக்கொடுக்காத சமூகக் களம் குற்றவியல் சட்டம்தான். மூன்று கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு ஜாமீனோ பரோலோ கிடையாது, குறைந்தது 10 ஆண்டுகள் சிறை என்பது அவரது வாக்குறுதி. பலரைக் கொன்றவருக்கு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக விதிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீற, அரசமைப்பின் 33-ஆவது பிரிவைப் பயன்படுத்துவேன் என்று அவர் அறிவித்தார். அடிப்படை உரிமைகள் சிலவற்றைச் சட்டமன்றங்கள் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க இடமளிக்கும் இப்பிரிவை, மாகாணங்கள் பயன்படுத்தியதுண்டு. மத்திய அரசு ஒருமுறைகூடக் கையாண்டதில்லை. ஒரு கொடுங்குற்றவாளிக்காகத் திறக்கப்படும் கதவு அடுத்து எவருக்காகத் திறக்கும் என்பதே சட்ட வல்லுநர்களின் கவலை. நிதிநிலை அறிக்கையில் சில கோடிகள் கூடுவதைவிடவும் குறைவதைவிடவும் இது ஆழமான கேள்வி என்றே கருத வேண்டியுள்ளது.

இந்தியாவுக்கு நேரடித் தொடர்புடையது குடியேற்றம். மக்கள்தொகை வளர்ச்சி வீடுகளின் எண்ணிக்கை வளர்ச்சியை மிஞ்சக்கூடாது என்பது பொலியேவின் சூத்திரம். தேர்தலுக்குப் பின் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, அடுத்த சில ஆண்டுகளுக்கு வருவோரைவிட வெளியேறுவோர் அதிகமாக இருக்க வேண்டும் என்று பேசினார். கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெறுவோரிலும் வெளிநாட்டு மாணவர்களிலும் முதலிடம் வகிப்பவர்கள் இந்தியர்கள். லிபரல் அரசே 2025-ஆம் ஆண்டுக்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 5 லட்சத்திலிருந்து 3.95 லட்சமாகக் குறைத்துவிட்டது. கல்வி அனுமதிகளுக்கும் உச்சவரம்பு விதித்துள்ளது. எனவே, பஞ்சாபிலோ ஆந்திரத்திலோ நிலத்தை அடகு வைத்து மகனை அல்லது மகளை டொரன்டோவுக்கு அனுப்ப எண்ணும் குடும்பம், எக்கட்சி ஆட்சியில் இருந்தாலும் முன்பிருந்த வாசல் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

வியப்புக்குரியது என்னவெனில், ஏற்கெனவே அங்கு வேரூன்றிய இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினர் இந்தக் கட்சியையே நாடுகின்றனர். பிராம்டன் மேற்குத் தொகுதியில் லிபரல் அமைச்சர் கமல் கேராவைத் தோற்கடித்தவர் கன்சர்வேடிவ் வேட்பாளர் அமர்ஜீத் கில். வீட்டு வாடகை, கார் திருட்டு, வணிகர்களிடம் பணம் பறிக்கும் கும்பல்களின் மிரட்டல் ஆகியவையே அங்கு அன்றாடப் பேச்சு. லாரன்ஸ் பிஷ்னோய் கும்பலைப் பயங்கரவாத அமைப்பாக அறிவிக்க வேண்டும் என்று கன்சர்வேடிவ் கட்சி 2025-இல் எழுப்பிய கோரிக்கை அந்த வாக்காளர்களை மனதில் கொண்டதாகவே இருந்தது.

இந்திய உறவு குறித்து பொலியேவ் இதுவரை எச்சரிக்கையாகவே பேசியுள்ளார். நிஜ்ஜார் கொலை தொடர்பாக ஆதாரங்களை வெளியிடுமாறு 2023-இல் ஜஸ்டின் ட்ரூடோவை வலியுறுத்தியவர், இந்தியாவுடன் தொழில்முறையிலான உறவு தேவை என்றும் கூறினார். ஜூன் மாதம் கனனாஸ்கிஸ் ஜி-7 மாநாட்டுக்குப் பிரதமர் மோடியை அழைத்து, தூதர்களை மீண்டும் நியமிக்க உடன்பாடு கண்டதன் மூலம் கார்னி இங்கும் முந்திக்கொண்டார்.

2025 இலையுதிர்காலக் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையில் மீண்டும் அமர்ந்த பொலியேவுக்கு முன்னால், கார்னி அரசின் முதல் நிதிநிலை அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து 2026 ஜனவரியில் கால்கரி நகரில் நடைபெற்ற கட்சி மாநாட்டில், அவர் தலைவராக நீடிப்பது குறித்துப் பிரதிநிதிகள் வாக்களித்தனர்.