மீதியை வெள்ளித்திரையில் காண்க

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் படிப்பது கதைச் சுருக்கத்தைத்தான். நாயகன்மேல் கொலைப்பழி விழுந்திருக்கும், நாயகி வீட்டைவிட்டு ஓடியிருப்பாள், வில்லன் கை ஓங்கியிருக்கும். சரியாக அங்கே நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டுவிடுவார்கள். புராணப் படம் என்றாலும் விட மாட்டார்கள். ஊரே அறிந்த கதைக்கும் முடிவு தெரிய டிக்கெட் வாங்கியாக வேண்டும்!

தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற புத்தகம் அது. மட்டமான தாள், நடுவில் ஒரு பின். அட்டையில் நாயகி படம், உள்ளே நடிகர் பட்டியல், பிறகு பாட்டுகள். முப்பதுகளின் புத்தகம் என்றால் பாட்டின் தலையில் ராகம், தாளம் எல்லாம் இருக்கும். எந்தப் பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்றுகூடச் சில சொல்லும். எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யில் (1934) பாட்டுகள் ஐம்பது என்பார்கள். அத்தனையும் மனப்பாடம் ஆக வேண்டுமானால் புத்தகம் இல்லாமல் முடியுமா?

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. பிரதி ஒன்றும் மிஞ்சவில்லை. அதில் நடித்த டி.பி. ராஜலக்ஷ்மி 1936இல் தானே இயக்கிய ‘மிஸ் கமலா’வும் அப்படியே போயிற்று. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டெனத் தீப்பிடிக்கும். தீக்குத் தப்பியதை வெள்ளிக்காகக் கரைத்து விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964இல்தான். இப்படிப் போன படங்களில், பாட்டுப் புத்தகம் தப்பியிருந்தால் அந்தக் கதைச் சுருக்கத்தில் உள்ளவரைக்கும்தான் நமக்குக் கதை. மீதியைக் காண எந்தத் திரைக்குப் போவது?

இந்தத் தாள்களைக் காப்பாற்றியவர்களில் பேராசிரியர்களைவிடப் பித்துப்பிடித்தவர்களே அதிகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நல்ல நூல்களோடு நாடக நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. பிட் நோட்டீஸை மடித்துப் பத்திரப்படுத்தியவரை வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது.

இப்போது பழைய சோப்பு விளம்பரத்தையும் சினிமா அட்டையையும் புதிதாக அச்சடித்து, அழுக்கையும் சேர்த்தே அச்சடித்து, காபிக் கடைச் சுவரில் மாட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யார் கையிலும் கசங்கியதில்லை.

என்னிடம் உள்ள ஒரு புத்தகத்தில் யாரோ பாட்டுக்குப் பாட்டு பென்சிலால் டிக் போட்டிருக்கிறார். புத்தகம் பெரும்பாலும் படம் வெளியாகும் முன்பே அச்சாகிவிடும். கடைசி நேரத்தில் வெட்டப்பட்ட பாட்டும் உள்ளே இருந்துவிடும். அப்படி ஒன்றின் பக்கத்தில் ‘இது படத்தில் வரவில்லை’ என்று எழுதி, அழுத்தமாக ஒரு கோடும் இழுத்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கியவர், கேட்காமல் விடுவாரா?