வீட்டிலிருந்தே தேர்வு: எந்த வீட்டிலிருந்து?

2020 மார்ச்சில் டோஃபல் தேர்வு வீட்டுக்கே வந்தது. பெருந்தொற்றிலும் அயல்நாட்டுக் கல்விக்குத் தடையில்லை என்று பலர் மெச்சினர். அத்தேர்வின் விதியோ, கதவடைத்த அறையில் தேர்வர் தனித்திருக்க வேண்டும் என்பது. மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் வாய்ப்பது ஓர் அறையும் சமையற்கட்டுமே. எவரை வெளியே நிறுத்திக் கதவடைப்பது?

இணையம்? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அச்செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலையாயிற்று. அபயக் குரலுக்கே கிட்டாத அலைவரிசை ஆங்கிலத் தேர்வுக்குக் கிட்டுமா?

பாலக்காட்டுச் சித்தூர் மாணவர் அணுகக்கூடிய பெருநகர் கோயம்புத்தூர். முடக்கக் காலத்தில் அவ்வழியை வாளையாற்றுச் சோதனைச்சாவடி மறித்தது.

தேர்வைக் கடந்தாலும் வங்கி நிற்கிறது. 7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கிறது. லயமோ கம்பெனியின் சொத்து. வேலை முடிந்தால் வீடும் போகும்.

திட்டமிட்டால் எவரும் போகலாம் என்போர், அத்திட்டத்தின் முதல் வரியே சொந்த வீடு என்பதை மறைக்கின்றனர். அறிவுரை போதும். மூணாறு, சித்தூர் அரசுக் கல்லூரிகளில் இணையத்தோடு ஒரு தனியறையைத் தேர்வர்க்குத் திறந்துவிடுக. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கடனுக்கு அரசே பிணை நிற்க.