2090-ஆ, 3-ஆ? எண்ணூர்க் காற்றும் ஒரு மாறிலியும்

பிளஸ் ஒன் வேதியியலில் எந்த இடத்தில் மார்க் போனது என்று யாரைக் கேட்டாலும், பட்டியலில் வாயு மாறிலி கட்டாயம் இருக்கும். ஒரு கணக்கில் 8.314. அடுத்த கணக்கில் 0.0821. கலோரியில் கேட்டால் 1.987. மாறிலி என்று பெயர் வைத்துவிட்டு இப்படி மாறினால் எப்படி?

மாறுவது அது இல்லை, அலகுதான். பாஸ்கலும் கன மீட்டரும் போட்டால் 8.314, அட்மாஸ்ஃபியரும் லிட்டரும் போட்டால் 0.0821. ஒரே சம்பளத்தை ரூபாயிலும் டாலரிலும் சொல்வது மாதிரி. (2019 மே 20 முதல் இது அளந்து கண்டுபிடிக்கும் எண்கூட இல்லை. வேறு இரண்டு மாறிலிகளுக்கு நிலையான மதிப்பு கொடுத்ததால் இதுவும் நிலைத்துவிட்டது.)

பரீட்சையோடு முடிகிற சமாச்சாரமாக இருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. எண்ணூருக்கு வருவோம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அளவு: ஆலை வாசல் அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம் அமோனியா. 24 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கப்பட்டது 400. ஐந்து மடங்குக்கு மேல்!

இதையே பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று மாற்றிப் பாருங்கள். அங்கேதான் நம் மாறிலி வருகிறது. 25 டிகிரி என்றால் 298 கெல்வின். 0.08206-ஐ 298-ஆல் பெருக்கினால் 24.45. ஒரு மோல் வாயு, ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தத்தில் அடைக்கும் இடம் அத்தனை லிட்டர். ஒரு மோல் அமோனியா 17 கிராம். 2.09 மில்லிகிராமை 17-ஆல் வகுத்து 24.45-ஆல் பெருக்கினால் வருவது 3.

வெறும் 3!

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் அமோனியாவுக்கு 8 மணி நேர வரம்பு 25 பிபிஎம் என்று இருந்தது. "25 வரை போகலாம், இது 3 தானே" என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்த 25, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற பெரியவர்களுக்கு. 400 மைக்ரோகிராம் (அதாவது 0.57 பிபிஎம்) என்பது அதே தெருவில் ராவும் பகலும் மூச்சு விடுகிற கைக்குழந்தைக்கும், இழுப்பு இருக்கிற பாட்டிக்கும் சேர்த்து. போதாததற்கு, 2090 என்பது ஆலை வாசலில் எடுத்தது. குப்பத்து வீட்டு வாசலில், கசிவின் உச்சத்தில் எவ்வளவு இருந்தது என்பதை அது சொல்லாது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழகிய விஷயம். வெளிநாட்டுக் கரன்சியில் நடந்த வியாபாரத்தைக் கணக்கில் ஏற்றினால் எந்தத் தேதி ரேட் என்று கேட்பார்கள். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 11 முழுக்க அதுதான். காற்றுக்கு அந்த ரேட், வெப்பநிலையும் அழுத்தமும். (மே மாத 40 டிகிரியில் 24.45 என்பது 25.7 ஆகிவிடும். வித்தியாசம் கொஞ்சம்தான், இருந்தாலும் சொல்ல வேண்டும்.)

ஆகவே கசிவு நடந்தால் அரசு வெளியிடும் அளவு இரண்டு அலகிலும் இருக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரச் சராசரி, எத்தனை டிகிரி என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடியாத காரியமா? அந்தப் பழைய அட்டவணையிலேயே 25 பிபிஎம், 18 மில்லிகிராம் என்று இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் மீனவ மக்களுக்குப் புரியாது" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். காசிமேட்டில் கூடைக் கணக்கில் ஏலம் எடுத்து, கிலோ கணக்கில் விற்று, நஷ்டமில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு அலகு புரியாதா என்ன?