நடுவில் மறைந்த இசைத்தட்டு

'ஹவுண்ட் டாக்' என்றதும் எல்விஸ் பிரெஸ்லியின் பெயர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1956-ல் அமெரிக்க இளைஞர்களை ஆட்டிவைத்த 'ராக் அண்டு ரோல்' பாட்டு அது. அந்தப் பாட்டுக்கு அதற்கு முன்பே வேறு பிறவிகள் இருந்தன என்பதைப் பலர் அறியார்.

1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அதை முதலில் பாடிப் பதிவு செய்தவர் 'பிக் மாமா' தார்ன்டன் என்ற நீக்ரோ இனப் பாடகி. இயற்றியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற 19 வயது இளைஞர்கள். ஒட்டி உறிஞ்சும் ஆண்பிள்ளை ஒருவனை வாசலைவிட்டு விரட்டும் பெண்ணின் பாட்டு அது. 1953-ல் வெளியாகி, கறுப்பின மக்களின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது.

1955-ல் 'பிரெடி பெல் அண்டு தி பெல்பாய்ஸ்' என்ற வெள்ளையர் குழு, பிலடெல்பியாவின் சிறு கம்பெனி ஒன்றுக்காக அதைப் பாடியது. சொற்கள் மாறின. விரட்டப்பட்ட ஆண்பிள்ளை மறைந்தான். முயல் பிடிக்கத் தெரியாத நாய் வந்தது! தட்டு பெரிதாக விலைபோகவில்லை. ஆனால் 1956-ல் லாஸ் வேகாஸ் சென்ற எல்விஸ், இக்குழுவின் கச்சேரியில் அதைக் கேட்டுச் சொக்கிப்போனார். ஜூலை 2-ந் தேதி நியூயார்க்கில் தாமும் பதிவு செய்தார். பிறகு நடந்தது உலகறிந்த கதை.

இன்று பெல் குழுவின் தட்டைத் தேடிப் பிடித்துக் கேட்பவர், "யாரோ எல்விஸைப் பின்பற்றிப் பாடுகிறார்கள்" என்றுதான் முதலில் எண்ணுவார். ஆண்டைப் பார்த்ததும் திகைப்பார். பின்பற்றியது யார் என்பது அப்போதுதான் விளங்கும்.

இதில் எல்விஸைக் குறை கூறுவதற்கில்லை. வெளியான பாட்டை எவரும் விதித்த தொகையைச் செலுத்தி மீண்டும் பதிவு செய்ய 1909-ம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமே வழி செய்தது. அதனால்தான் நல்ல பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின. ஆனால் அந்தத் தொகை பாட்டின் உரிமையாளருக்கே சேரும். முதலில் பாடி உயிர் கொடுத்த குரலுக்குச் சல்லிக் காசும் இல்லை. தமக்குக் கிடைத்தது 500 டாலர் செக் ஒன்றுதான் என்று தார்ன்டன் பிற்காலத்தில் கூறினார். 1984-ல் அவர் காலமானார். 'ராக் அண்டு ரோல்' புகழ் மண்டபத்தில் எல்விஸ் 1986-லேயே இடம் பெற்றார். தார்ன்டனுக்கு அந்தக் கௌரவம் 2024-ல்தான் வந்தது.

பணத்தைச் சட்டம் பங்கிடட்டும். பெயரைப் பங்கிடுவது ரஸிகர்களின் கடமை. ஒரு பாட்டை ஒலிபரப்புகிறவர்கள் "இதை முதலில் பாடியவர் இன்னார்" என்று ஒரு வரி சொல்வதால் என்ன நஷ்டம்? கேட்பவர்களும் பிடித்த பாட்டோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய தட்டையும் தேட வேண்டும். நதியில் நீராடிக் களிப்பவன் ஊற்றுக்கண்ணை ஒரு முறையேனும் நினைப்பதில் தவறில்லை.