ஜப்பானியர் மரியாதையும் நமது கடமையும்

திருவள்ளூர் ஜில்லாவுக்கு ஜப்பானியர் வருகை புதிதன்று. 1998-லேயே ஹிந்துஸ்தான் மோட்டார் கம்பெனியார் மிட்ஸுபிஷியின் ஒத்துழைப்புடன் திருவள்ளூரில் லான்ஸர் கார்களைச் செய்து வெளியிட்டனர். பின்னர் கும்மிடிப்பூண்டிக்கு அருகே, கல்கத்தா நெடுஞ்சாலையில், மஹிந்திராவும் ஸுமிடோமோவும் கூட்டாகத் தொழிற்பேட்டை ஒன்றை அமைத்தன. 2023 மே மாதத்தில், பெருவாயலில் குளிர்சாதனத் தொழிற்சாலை அமைக்க 1,891 கோடி ரூபாய் முதலிடுவதாக மிட்ஸுபிஷி எலெக்ட்ரிக் கம்பெனி ராஜ்ய சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

இங்கிருந்து அங்கே செல்வோரும் பெருகவிருக்கின்றனர். 2025 ஆகஸ்டில் இரு தேசங்களும் வகுத்த திட்டப்படி, ஐந்து வருஷங்களில் இரு தரப்பிலுமாக ஐந்து லட்சம் பேர் போய்வர வேண்டும். அவர்களில் 50,000 பேர் ஜப்பான் செல்லும் இந்தியத் தொழில் தேர்ச்சியாளர். ஆகவே, அந்நாட்டுப் பொது இடங்களில் எப்படி நடந்துகொள்வது என்னும் கேள்வி நம் இளைஞர்களின் ஜீவனத்தைத் தொடும் விஷயமாகிவிட்டது.

விதிகள் கடினமானவை அல்ல. ரயிலில் டெலிபோனில் பேசலாகாது. அதன் மணியை அடக்கிவைப்பதற்கே அங்கே ‘மானர் மோட்’ என்று பெயர். இறங்குவோருக்கு வழிவிட்டு, வரிசையில் நின்று ஏற வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டி அரிது. தன் குப்பையைத் தானே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பொது ஸ்நான கட்டத்தில், உடம்பை நன்கு கழுவிய பிறகே தொட்டியில் இறங்கலாம். ஹோட்டல் சிப்பந்திக்கு இனாம் கொடுப்பது வழக்கமில்லை. இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: பிறருக்கு நம்மால் தொல்லை நேரலாகாது.

இதை அறியாத அந்நியரால் அங்கே மனக்கசப்பு வளர்ந்திருக்கிறது. 2024-ல் 3 கோடியே 68 லட்சம் அந்நியர் ஜப்பான் சென்றனர். அவ்வருஷமே கியோட்டோ நகரின் கியோன் பகுதியில், தனியார் சந்துகளில் நுழைவோருக்குப் பத்தாயிரம் யென் அபராதம் என்று பலகை வைக்க நேர்ந்தது.

“ஜப்பானியருக்கு இது பிறவிக் குணம், நமக்கு வராது” என்று சொல்வோர் உளர். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 1872-ல் டோக்கியோவில் தெருவில் சிறுநீர் கழிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைக்கின்றனர். சட்டமும் பள்ளியும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய பழக்கமேயன்றி, ரத்தத்தில் வந்ததன்று அது.

நமக்கும் மரியாதை தெரியாததன்று. வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். பெரியோருக்கு இரு கையாலும் கொடுக்கிறோம். ஆனால் நமது மரியாதை வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. தெரிந்தவருக்கு உபசாரம், தெரியாதவருக்கு முழங்கை! ரயில் வண்டியின் தரையில் துப்புகிறோமே என்று 1916-ல் காசி சர்வகலாசாலை விழாவில் காந்திஜி வருந்திக் கூறினார். கும்மிடிப்பூண்டி ரயிலில் காலையில் செல்வோர் அச்சொல் பழசாகிவிட்டதா என்று தங்கள் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். மரியாதை வேறு, அடிமைத்தனம் வேறு. வெள்ளைக்காரத் துரைக்குச் சலாம் போட்டுப் பழகிய தேசம், முதலாளியைக் கண்டு குனிவதையே ஜப்பானிய மரியாதை என்று எண்ணிவிடலாகாது. பக்கத்து ஆசனத்தில் உறங்கும் ஏழைத் தொழிலாளிக்காக நம் டெலிபோனை அடக்கிவைப்பதே மரியாதை. அது போலவே, இங்கு வரும் ஜப்பானிய அதிகாரிகளும் நமது பழக்கங்களைக் கற்க வேண்டும். ஒப்பந்தக் கூலியையும் ‘வாங்க’ என்றழைக்கும் தமிழ் அவர்களுக்குத் தெரிந்திருத்தல் நலம். நம்மவரான மேஸ்திரிகளும் அத்தமிழை மறவாதிருத்தல் அதனினும் நலம்!

பயிற்சிப் பள்ளிகள் விதிகளோடு காரணத்தையும் போதிக்கட்டும். ரயில்வேயாரும் பஞ்சாயத்தாரும் நிற்க இடமும், சுத்தமான கழிப்பிடமும் அளிக்கட்டும். வசதி செய்யாமல் ஒழுங்கை மட்டும் கேட்பது நியாயமன்று. டோக்கியோவில் அந்நியனாய் அடங்கியிருக்கக் கற்றவன், திருவள்ளூர் ஸ்டேஷனில் சொந்தக்காரனாய் ஒழுங்காயிருக்கக் கற்றால்தான் அந்தக் கல்வி நமக்குச் சொந்தமாகும்.