ஃபோர்டு கற்றுக்கொடுத்த படிவத்தில் ஃபோர்டுக்கு ஒரு வரி

ஃபோர்டு திரும்பி வருகிறது என்றதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. ஃபோர்டு கார் வைத்திருப்பவர்கள், "இனிமே ஸ்பேர் கவலை இல்லப்பா" என்கிறார்கள். காருக்குப் பாகம் அடித்துக் கொடுப்பவர்கள், "எத்தனை வருஷத்துக்காம்?" என்று கேட்கிறார்கள். நான் பாகம் அடிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்.

முதலில் செய்தியைச் சரியாக வைத்துக்கொள்வோம். தமிழக அரசோடு போட்டு, 2025 அக்டோபர் 31 அன்று அறிவிக்கப்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி, மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் தயாரிக்கப் போகிறார்கள். ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின். உற்பத்தி தொடங்குவது 2029-ல். நேரடி வேலை 600 பேருக்குச் சற்று அதிகம். கார் கிடையாது. எனவே ஃபிகோ வைத்திருக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, பாடியில் ஒரு கம்பெனி டூல் ரூமில் தொழில் பழகி, பிறகு எஸ்டேட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டவன் நான். பிரஸ் டூல், செக்கிங் ஃபிக்ஸ்சர், கொஞ்சம் ஜாப் ஒர்க். எந்தக் கார் கம்பெனிக்கும் நேரடியாக விற்றதில்லை. அவர்களுக்கு விற்பவர்களுக்கு விற்பவர்களுக்குச் செய்து கொடுத்தோம். இந்த வரிசையில் நிற்பவனுக்குக் கம்பெனியின் விளம்பரம் தெரியாது, ஷெட்யூல் தெரியும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஃபோர்டின் பெயர் வேறு மாதிரி தெரிகிறது.

ஃபோர்டு சென்னைக்கு வந்தது 1990-களில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1926-லேயே கனடா ஃபோர்டின் கிளையாக இந்திய கம்பெனி தொடங்கி, பம்பாய், கல்கத்தாவோடு மதராஸிலும் கார்களைக் கோர்த்து விற்றார்கள். பாகமெல்லாம் பெட்டியில் வரும், இங்கே பூட்டுவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே முழுதாகத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் இருக்கலாம் என்று அரசு சொன்னதும், 1950-களின் நடுவில் கடையைக் கட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் அதே காலத்தில் பம்பாயை விட்டுப் போனது. ஃபோர்டின் முதல் விலகல் அது.

இரண்டாவது வருகை 1995-ல், மஹிந்திராவோடு கூட்டாக. எஸ்கார்ட் கார் நாசிக்கில் தயாரானது. 1998-ல் பெரும்பங்கை ஃபோர்டே வாங்கிக்கொண்டது. 1999-ல் மறைமலை நகர் ஆலை திறந்து, அந்த ஆண்டு இறுதியில் ஐகான் வந்தது. 'ஜோஷ் மெஷின்' விளம்பரம் நினைவிருக்கும். கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம் வரும், அதைக் கேட்பதற்காகவே ஷோரூமில் திரும்பத் திரும்பச் சாத்திப் பார்த்தவர்கள் உண்டு. வண்டி கெட்டி, ஸ்டியரிங் சுத்தம், பிரேக் நம்பலாம். ஸ்பேர் விலையும் மைலேஜும்தான் ஆகாது. ஆவடியில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் இதை எனக்கு வேறு விதமாகச் சொன்னார்: "ஓட்றவனுக்குப் பிடிக்கும்ணே, ஓட்றவனோட வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்காது."

ஆனால் எஸ்டேட்டில் ஃபோர்டு விட்டுச் சென்ற முக்கியமான பொருள் கார் இல்லை, காகிதம். டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகள், கிரைஸ்லரும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், 1994-ல் சேர்ந்து கியூஎஸ் 9000 என்று ஒரு தர விதித்தொகுப்பு கொண்டுவந்தன. கொஞ்ச நாளில் அதன் பேனர் எஸ்டேட் கேட்டுகளில் தொங்க ஆரம்பித்தது. பாடியில் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பி, அவர்களிடமே ஆண்டின் சிறந்த சப்ளையர் விருதைத் திரும்பத் திரும்ப வாங்கிய காலம் அது. பெரிய கம்பெனிக்கு விருது வந்தது. கீழே இருந்த எங்களுக்குப் படிவம் வந்தது.

அதில் இரண்டு படிவம் ஃபோர்டு வழி வந்தவை. ஒன்று 8டி. 1980-களில் ஃபோர்டு வகுத்தது. ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் எட்டுப் படிகளில் காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும். எட்டாவது படி, வேலை செய்த குழுவைப் பாராட்டுவது. எஸ்டேட்டில் எட்டாவது படி வரை ஒழுங்காகப் போனவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்குள் அடுத்த ரிஜெக்ஷன் வந்துவிடும்.

இன்னொன்று எஃப்.எம்.இ.ஏ. எது எப்படிக் கெட்டுப்போகும் என்று, கெடுவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்து எழுதும் அட்டவணை. அமெரிக்க ராணுவமும் நாசாவும் பயன்படுத்தியதுதான். கார் தொழிலுக்குள் அதைக் கொண்டுவந்தது ஃபோர்டு, அதுவும் பட்ட பிறகு. 1970-களில் அவர்களுடைய பின்டோ கார், பின்னால் இடிபட்டால் பெட்ரோல் டேங்க் உடைந்து தீப்பிடிக்கும் என்று பெரும் வழக்கானது. 1978-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தச் சூட்டில் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. டெட்ராய்ட்டில் பட்டதற்கு மண்ணூர்பேட்டையில் படிவம் நிரப்பினோம்.

கேலி செய்கிறேன், ஆனால் அந்தப் படிவத்தால் கிடைத்த லாபம் சின்னதில்லை. ஒரு பிராக்கெட் சொல்கிறேன். உள்ளங்கை அகலத் தகடு, நாலு ஓட்டை, அதில் ஒன்று மட்டும் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும். தகட்டைத் திருப்பி வைத்து பிரஸ்ஸை மிதித்தால் ஓட்டை எதிர்ப்பக்கம் விழும். கண்ணுக்குத் தெரியாது, பொருத்தும்போதுதான் தெரியும். முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில்: "பையனைக் கவனமா இருக்கச் சொல்லியிருக்கோம் சார்." எஃப்.எம்.இ.ஏ. அந்தப் பதிலை ஏற்காது. 'ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினால் ஆடிட்டர் சிவப்புப் பேனாவால் அடிப்பார். கடைசியில் டையில் ஒரு டவல் பின் அடித்தோம், 6 மில்லிமீட்டர். தகட்டைத் திருப்பி வைத்தால் உட்காரவே உட்காராது. பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் தப்பு வராது. கவனத்தை நம்பாதே, பின்னை அடி என்ற புத்தி எங்களுக்கு வந்தது இந்தக் காகிதத்தால்தான்.

இப்படி யோசிக்கச் சொல்லிக்கொடுத்த கம்பெனி தன் சொந்த விஷயத்தில் யோசித்ததா? ஹென்றி ஃபோர்டு 1908-ல் 850 டாலருக்குக் கொண்டுவந்த மாடல் டி காரை, அசெம்பிளி லைன் வைத்து விலை குறைத்துக் குறைத்து 300 டாலருக்கும் கீழே இறக்கினார். ஒன்றரைக் கோடி கார். உலகம் மாறியதும் அவர் மாறவில்லை, அதே காரையே கட்டிக்கொண்டிருந்தார். செவ்ரோலே முந்தியது. 1927-ல் லைனை நிறுத்தி, புது மாடலுக்காக மாதக்கணக்கில் ஆலையை மூடிவைக்க வேண்டி வந்தது. மறைமலை நகரிலும் அந்த வீட்டு குணம் தெரிந்தது. ஐகான் பத்தாண்டைத் தாண்டி ஓடியது. 2010-ல் ஃபிகோவும் 2013-ல் எகோஸ்போர்ட்டும் நல்ல அடி அடித்தன. எகோஸ்போர்ட் இங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவிலேயே விற்றது. சின்ன எஸ்யூவிக்கு இங்கே பெரிய சந்தை இருக்கிறது என்று காட்டியதே அந்த வண்டிதான். பிறகு போட்டிக்கு பிரெஸ்ஸா வந்தது, வென்யூ வந்தது, எகோஸ்போர்ட்டுக்கு முகப்பூச்சு மட்டும் வந்தது. அதே 1990-களில் வந்து, பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் உட்கார்ந்த ஹூண்டாய், சாண்ட்ரோவில் தொடங்கிச் சின்ன கார்க்காரனைப் பிடித்துக்கொண்டு இன்றும் மூன்று ஷிஃப்ட் ஓட்டுகிறது.

2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு கையை விரித்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்கள். சந்தையில் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. நஷ்டத்தில் கடை நடத்து என்று யாரையும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி எகோஸ்போர்ட் வெளியே வந்தது. குஜராத் சானந்த் ஆலையை 2023 ஜனவரியில் டாடா 725.7 கோடிக்கு எடுத்துக்கொண்டது. உடனே வாட்ஸப்பில் ரத்தன் டாடா டெட்ராய்ட்டில் அவமானப்பட்டு, பிறகு ஃபோர்டிடமிருந்தே ஜாகுவாரை வாங்கிப் பழி தீர்த்த கதையும் சுற்றியது. சுவையான கதை. அதில் முதலாளிகள் மட்டும்தான் வருவார்கள்.

போகும்போது யாருக்கு என்ன கிடைத்தது? நிரந்தரத் தொழிலாளர்கள் நஷ்டஈட்டுக்காக 2022 மே கடைசியில் வேலையை நிறுத்திப் போராடினார்கள். பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. டீலர்கள் நாடு முழுக்க 170 பேர், அவர்களுக்காகப் பேச ஒரு கூட்டமைப்பு இருந்தது. பெரிய வெண்டார்களிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது. அதற்குக் கீழே இருப்பவனிடம் இருப்பது ஒரு பர்சேஸ் ஆர்டர், அதுவும் மாதாமாதம் மாறும் ஷெட்யூலோடு.

இங்கேதான் வெளியே தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு டூல் செய்ய 6 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். அதை மொத்தமாகத் தரமாட்டார்கள். "1,20,000 பீஸ் எடுப்போம், பீஸுக்கு 5 ரூபாய் சேர்த்துக்கோ" என்பார்கள். அமார்டைசேஷன் என்று இதற்குப் பெயர். 40,000 பீஸில் மாடல் நின்றுவிட்டால் வந்தது 2 லட்சம், நிற்பது 4 லட்சம். பேங்க் வட்டி தனி. சிறுதொழில்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் அது பில் போட்ட சரக்குக்கு. அடிக்காத 80,000 பீஸுக்கு நான் எப்படி பில் போடுவது? எனக்கே இப்படி ஒரு டூல் நின்றது. ஃபோர்டு வண்டிக்கு இல்லை, வேறொரு கம்பெனி மாடல், பெயர் வேண்டாம். மேலே இருந்த வெண்டார் சொன்னது இதுதான்: "எங்களுக்கே வரலைண்ணே, உங்களுக்கு எங்கேர்ந்து தர்றது?" அவர் பொய் சொல்லவில்லை.

எனவே ஃபோர்டு நல்ல கம்பெனியா, கெட்ட கம்பெனியா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். கம்பெனியின் நல்ல மனசை நம்புவதும் பையனின் கவனத்தை நம்புவதும் ஒன்றுதான். அவர்கள் கற்றுக்கொடுத்த அட்டவணையையே எடுத்து, அரசு போட்டிருக்கும் ஒப்பந்தத்துக்கு ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். எப்படிக் கெடும்: கம்பெனி பாதியில் விலகும். பாதிப்பின் கடுமை, பத்துக்கு: ஃபோர்டுக்கு ஒருவேளை 4, பெரிய வெண்டாருக்கு 7, எங்களுக்கு 10. எத்தனை தடவை நடக்கும்: நூறாண்டுக்குள் இரண்டு தடவை நடந்திருக்கிறது. முன்கூட்டியே தெரியுமா: விற்பனை எண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஷெட்யூலில் தெரியாது. மூன்றையும் பெருக்கி இவ்வளவு வந்தால் எந்த ஆடிட்டரும் லைனை ஓடவிடமாட்டார்.

நடவடிக்கை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. சலுகை வாங்கும் கம்பெனிக்காகச் செய்யும் டூல் எதற்கும் பணம் பீஸ் விலையில் கரையக் கூடாது, தனி இன்வாய்ஸாக வரவேண்டும். அப்படி முடியாதென்றால், மாடல் நின்ற தேதியில் மீதித் தொகையைக் கம்பெனியே கீழ்வரிசை வரைக்கும் தீர்க்க வேண்டும். அதற்கு எந்த வரிசையில் யார் என்ன டூல் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அரசிடம் இருக்க வேண்டும். வரிச் சலுகைக்கு வரம்பு எழுதத் தெரிந்த அதிகாரிகளுக்கு இது பெரிய வேலை இல்லை. "இப்படியெல்லாம் கேட்டால் ஆந்திராவுக்குப் போய்விடுவார்கள்" என்று ஒரு குரல் வரும். 6 லட்சம் கடனுக்கு என் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிற பேங்க்கிடம், "இப்படிக் கேட்டால் வேறு பேங்க் போய்விடுவேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பேங்க் பயப்படவில்லை.

அட்டவணையில் இன்னும் இரண்டு கட்டம் பாக்கி. பொறுப்பாளர்: தொழில்துறை. முடிக்க வேண்டிய தேதி: 2029 இல்லை. எஞ்சின் 2029-ல் ஓடவேண்டுமானால் ஃபிக்ஸ்சருக்கும் டைக்கும் கொட்டேஷன் கேட்டு எஸ்டேட்டுக்கு மெயில் வருவது அதற்கு ரொம்ப முன்பே. அந்த முதல் மெயிலுக்கு முந்தின நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.